முகம் கொடுக்கும் வேலை

வங்கியில் கேஷ் கவுன்ட்டருக்குப் புதிதாக வருபவர் நோட்டு எண்ணக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதும். கட்டைப் பிரித்து நூறு தாளை ஒரே மூச்சில் எண்ணுவதும், தாளின் சொரசொரப்பிலேயே கள்ள நோட்டை உணர்வதும் விரலுக்குத் தானாகப் படிந்துவிடும். பேச்சு அப்படிப் படிவதில்லை. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஒரு முதியவரிடம் சொல்ல வேண்டும். தன்னைத் திருடன் என்று நினைக்கிறார்களோ என்று அவருக்குத் தோன்றிவிடக் கூடாது. கணக்கில் பணமில்லை என்று ஒருவரிடம் சொல்ல வேண்டும். பின்னால் நிற்பவர் காதில் அது விழக் கூடாது. நாளொன்றுக்கு நூறு, நூற்றைம்பது பேர், பெரும்பாலும் முன்பின் அறியாதவர்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்குள் எதை எப்படிச் சொல்வது என்பதுதான் இந்தத் தொழிலின் உள்வேலை. புனேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதைச் செய்த தமிழன் நான். அந்நியரிடம் பேசும் மரியாதை அருகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் மனிதர்கள் கெட்டுப்போனார்கள் என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மரியாதை, தச்சு வேலையைப் போலப் பழகப் பழகக் கையில் நிற்கும் ஒரு வித்தை. தவறினால் அங்கேயே திருத்த ஓர் ஆள் எதிரில் இருக்கும்வரை அது நிற்கும். அப்படித் திருத்தும் இடங்களை நாம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறோம்.

மரியாதை பேச்சில் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். ‘தயவுசெய்து’, ‘நன்றி’ என்று நம் மக்கள் சொல்வதே இல்லை, அதனால் நாம் எப்போதுமே மரியாதையற்றவர்கள் என்று படித்தவர்கள் சிலர் சொல்வார்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்தவருக்கு இது தவறு என்று தெரியும். பணத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லும் தமிழர் குறைவு. ‘சரிங்க, வரேங்க’ என்று சொல்லாமல் போகும் தமிழரும் குறைவு. அந்த ‘ங்க’வில் எல்லாம் இருக்கிறது. மராத்தியிலும் இதே கதைதான். ‘தன்யவாத்’ மேடைக்கும் அழைப்பிதழுக்கும் உரிய சொல். அன்றாட மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கும் ஓர் ‘ஆ’வில் குடியிருக்கிறது. ‘பஸ்’ என்றால் உட்கார்; ‘பஸா’ என்றால் உட்காருங்கள். ‘தே’ என்றால் கொடு. ‘த்யா’ என்றால் கொடுங்கள். விடைபெறும்போது தமிழர் போகிறேன் என்று சொல்லாமல் ‘வரேன்’ என்பதுபோல, மராத்தியரும் ‘யேதோ’ என்கிறார்கள். வருகிறேன் என்றே பொருள். கேட்பவர் ‘யா’ என்கிறார், வாங்க. ராஸ்தா பேட்டிலும் கட்கியிலும் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் மராத்தியை இவ்வளவு சரளமாகப் பேசுவதற்கு, இரண்டு மொழிகளிலும் மரியாதை ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டு மொழிகளுக்கும் பொதுவான இன்னொன்றும் உண்டு, அதுவே எங்கள் தொழிலின் முதன்மைக் கருவி. தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. மராத்தியிலும் ‘ஆபண்’ வேறு, ‘ஆம்ஹீ’ வேறு. இது திராவிட மொழிகளோடு கொண்ட உறவால் மராத்திக்கு வந்தது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். இந்தியில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஹம்’. ஆங்கிலத்துக்கும் இந்த வேறுபாடு தெரியாது. மராத்தி இன்னும் ஒரு படி மேலே போய், ‘ஆபண்’ என்ற அதே சொல்லை ‘தாங்கள்’ என்ற உயர்ந்த மரியாதைக்கும் வைத்திருக்கிறது. எதிரில் இருப்பவரை என்னோடு சேர்த்துக்கொள்ளும் சொல்லே அவரை உயர்த்தும் சொல்லாகவும் இருக்கிறது. எழுத்தறியாத ஒருவர் வித்டிராயல் ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும்போது, ‘இதை நிரப்பிக்கொண்டு வா’ என்று சொன்னால் அவர் குறுகிப்போவார். ‘காகா, ஆபண் ஹா ஃபார்ம் பரூயா’, அதாவது ‘பெரியவரே, நாம இந்த ஃபாரத்தை நிரப்பிடலாம்’ என்று சொன்னால், அவருக்குத் தெரியாதது இருவரின் வேலையாகிவிடுகிறது. காகா (சித்தப்பா), மாவஷி (சித்தி), ஆஜி (பாட்டி), தாதா (அண்ணன்), தாயி (அக்கா) என்ற உறவுச் சொற்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஒருவரைப் பார்த்த அரை நொடியில் அவர் மாவஷியா தாயியா என்று முடிவெடுக்க வேண்டும். நாற்பது வயதுக்காரரை ஆஜி என்று அழைத்துவிட்டால் அந்த நாள் முழுக்க அது உறுத்தும். எந்தப் பயிற்சி மையமும் இதைக் கற்றுக்கொடுத்ததில்லை. வரிசையில் நின்றவர்கள் முகம் சுளித்துச் சுளித்துக் கற்றுக்கொடுத்தார்கள்.

புனேவைப் பற்றிப் பேசுபவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். இந்த ஊர் எப்போது மரியாதையாகப் பேசியது? வீட்டு வாசலிலும் கடைச் சுவரிலும் தொங்கும் ‘புனேரி பாட்யா’ என்ற அறிவிப்புப் பலகைகள் மகாராஷ்டிரம் முழுக்கப் பேர் போனவை. இங்கே வண்டியை நிறுத்தாதே, முகவரி விசாரிக்காதே, மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை கடை கிடையாது என்று வந்தவரை வாசலிலேயே மடக்குபவை. மராத்தி எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே மும்பைக்காரராவதா, நாக்பூர்காரராவதா, புனேக்காரராவதா என்று ஒரு கட்டுரையே எழுதினார். புனேக்காரரின் வெடுக்கென்ற பேச்சு அதில் நிரந்தரமாகிவிட்டது. வெடுக்கென்று பேசுவதையும் மரியாதையின்றிப் பேசுவதையும் ஒன்றாக்குவதால் வரும் குழப்பம் இது. அந்தப் பலகைகளை நின்று படித்தால், பெரும்பாலானவை முழு வாக்கியத்தில், இலக்கணப் பிழையில்லாமல், காரணம் சொல்லி எழுதப்பட்டிருப்பது தெரியும். படிப்பவரை வாதம் செய்யத் தகுதியுள்ள ஆளாக அவை மதிக்கின்றன. சதாசிவ் பேட்டின் கடைக்காரர் மதியம் ஒரு மணிக்குப் பிறகு எதையும் தர மாட்டார். ஆனால் ‘சார் வாஜதா யா’ என்பார். நான்கு மணிக்கு வாங்க. மறுப்பிலும் அந்த ‘ஆ’ இருக்கிறது. நகரப் பேருந்து நடத்துனர் தொண்டை கிழியக் கத்தும் ‘புடே சலா’வும் ‘முன்னால் போங்க’ என்பதே. நம் ஊர் நடத்துனரின் ‘உள்ள போங்க, உள்ள போங்க’ மாதிரி. குரல் கரடுமுரடானது, வால் மரியாதையானது. நம் காலத்தில் நடந்திருப்பது இதன் தலைகீழ். குரல் மென்மையாகிவிட்டது, வால் உதிர்ந்துவிட்டது.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அதை எங்கள் தொழிலைப் பார்த்தே கேட்க வேண்டும். அரசு வங்கிக் கவுன்ட்டர் மரியாதையின் பள்ளிக்கூடமாகவா இருந்தது? நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொல்வதும், ‘நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்புவதும் அங்கே அன்றாடம் நடந்தவைதாமே? நடந்தன, மறுக்க மாட்டேன். வாடிக்கையாளர் சேவையைப் பார்க்க 1975இல் தல்வார் தலைமையில் ஒரு குழுவும், 1990இல் கோய்போரியா தலைமையில் இன்னொரு குழுவும் அமைக்க வேண்டி வந்ததே, நிலைமை நன்றாக இல்லை என்பதற்குச் சாட்சி. ஊழியர்கள் வேலை நேரம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே இருக்கைக்கு வர வேண்டும் என்பது கோய்போரியா குழு சொன்னவற்றுள் ஒன்று. அதைக்கூட எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தக் கடுமைக்கு ஒரு வரம்பு இருந்தது. வெள்ளிக்கிழமை சிடுசிடுத்த கேஷியரிடம் அதே மனிதர் திங்கட்கிழமை வருவார். சில்லறை கேட்டவரிடம் எரிந்து விழுந்தால், வரிசையில் ஐந்தாவதாக நிற்கும் பள்ளி ஆசிரியை எல்லோர் முன்னிலும் இரண்டு வார்த்தை கேட்பார். காது சிவந்து போகும்; மறுநாள் குரல் தணியும். பேச்சு திருந்துவது இப்படித்தான். சுற்றறிக்கையால் யாருடைய நாக்கும் திருந்தியதில்லை. வாடிக்கையாளருக்கும் இது பொருந்தும். டோக்கனை விசிறியடித்து ‘ஏய்’ என்றவரை அடுத்தவர் அடக்கினார். இன்று ஒருவர் இன்னொருவரிடம் கேவலமாகப் பேசிவிட்டுப் போனால், இருவரும் மறுபடி சந்திப்பதில்லை, பார்த்தவரும் யாருமில்லை.

அடுத்த மறுப்பு நியாயமானது, அதன் பக்கம் வரலாறும் இருக்கிறது. பழைய மரியாதை ஆள் பார்த்து வழங்கப்பட்டது. சட்டை போட்டவருக்கு ‘தும்ஹீ’ (நீங்கள்), துடைப்பம் பிடித்தவருக்கு ‘தூ’ (நீ). அது போனால் போகட்டும் என்பார்கள். இந்த ஊரில் அதை மறக்கவே முடியாது. ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1848இல் பெண்களுக்குப் பள்ளி திறந்தபோது புதவார் பேட்டின் தெருக்கள் அவர்களிடம் எப்படிப் பேசின என்பது ஊரறிந்தது. 1873இல் இதே ஊரில் புலே தொடங்கிய சத்யசோதக் சமாஜ், மனிதருக்கு மனிதர் தரும் மதிப்பைப் பிறப்பிலிருந்து பிரிக்கப் பாடுபட்டது. தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கத்தார் யாரையும் ‘வாங்க’ என்று அழைத்ததும் அதே பாடுதான். அந்த உழைப்பு நின்று வேலை செய்த இடங்களில் ஒன்று கவுன்ட்டர் என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். 1969 ஜூலை 19 அன்று பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாயின. புனேயில் பிறந்த பேங்க் ஆஃப் மகாராஷ்டிராவும் அவற்றில் ஒன்று. அதற்குப் பிறகுதான் காய்கறி விற்பவரும் ஆலைத் தொழிலாளியும் துப்புரவுப் பணியாளரும் வங்கி வாசலைப் பெருமளவில் மிதித்தார்கள். பித்தளை டோக்கனில் எண் மட்டும் இருந்தது, சாதி இல்லை. நாற்பத்திரண்டு என்று கூப்பிட்டால் வருபவர் வக்கீலாகவும் இருக்கலாம், வீட்டுவேலை செய்யும் பெண்ணாகவும் இருக்கலாம்; தலை நிமிரும் முன்பே வாயில் ‘பஸா’வோ ‘த்யா’வோ வந்தாக வேண்டும். ஆளைப் பார்த்து வாலைக் கூட்டிக் குறைக்க நேரமிருக்காது. எல்லோரும் வந்தது முதலில் பலருக்குப் பிடிக்கவில்லை. உதட்டளவில் தொடங்கியது இருபது முப்பது ஆண்டுகளில் பழக்கமாயிற்று. எல்லோருக்கும் பொதுவான மரியாதை உருவாகிக்கொண்டிருந்த இடம் இழுத்துச் சாத்தப்படுகிறது என்பதே என் வருத்தம். பழையது போனதற்காக நான் அழவில்லை.

அந்த இடம் சாத்தப்படுவதற்கு ஒவ்வொரு நவம்பரும் அடையாளம். ஓய்வூதியம் பெறுபவர்கள் ஆண்டுக்கொரு முறை தாங்கள் உயிருடன் இருப்பதை நிரூபிக்க வேண்டும். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையும் ராணுவ அலுவலகங்களும் நிறைந்த இந்த ஊரில் அந்த மாதம் கிளைக்குக் கிளை முதியவர் கூட்டம். ஒருவரை நேரில் பார்த்து, ‘இவர் உயிரோடு இருக்கிறார்’ என்று கையெழுத்திடுவது எவ்வளவு கூச்சமான வேலை! அதைச் சுற்றி இந்தத் தொழில் ஒரு பேச்சையே கட்டியெழுப்பியிருந்தது. யாரும் யாரிடமும் ‘உயிரோடு இருக்கிறீர்களா’ என்று கேட்டதில்லை. ‘காகா, கஸே ஆஹாத்’, எப்படி இருக்கீங்க என்பார்கள். உடம்பைப் பற்றியும் பேரனைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அதற்குள் ஃபாரம் முடிந்திருக்கும். கணவர் இறந்த பிறகு முதல் முறை தனியாக வரும் பெண்ணிடம் அந்தக் கேள்வியையும் கேட்பதில்லை. பேனாவை எடுத்துக் கொடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, ‘பஸா’ என்று மட்டும் சொல்ல வேண்டும். எப்போது பேசக் கூடாது என்பதும் சேர்ந்ததுதான் அந்த வித்தை. 2014 நவம்பரில் ‘ஜீவன் பிரமாண்’ வந்தது, விரல்ரேகை போதும் என்று. 2021இல் கைபேசியில் முகத்தைக் காட்டினால் போதும் என்றாயிற்று. படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கிக்கொண்டு வரும் கொடுமை இதனால் ஒழிந்தது. அதைக் குறை சொல்பவருக்கு இரக்கமில்லை என்றே சொல்வேன். ஆனால் முகம் காட்டுவது வேறு, முகம் கொடுப்பது வேறு என்று தமிழுக்குத் தெரியும். இருபத்தைந்து வயதில் வேலைக்கு வரும் எழுத்தருக்கு, ஒரு மாதம் முழுக்க முதியவர்களோடு பேசிப் பழகும் வாய்ப்பு அத்தோடு போயிற்று. 2016இல் வந்த யூபிஐக்குப் பிறகு பெட்டிக்கடையிலும் இதேதான். பணம் வந்ததை ஒலிபெருக்கிப் பெட்டி சொல்லிவிடுகிறது. கடைக்காரரும் வாங்குபவரும் ஒரு சொல்கூடப் பேசாமல் பிரிகிறார்கள். நான் ஏடிஎம்மையோ யூபிஐயையோ எதிர்ப்பவன் அல்லன். ஒரு நாளில் ஒருவர் அந்நியரிடம் பேசும் வாக்கியங்கள் இருபதிலிருந்து இரண்டாகக் குறைந்தால், அந்த இரண்டு தடுமாறும் என்று மட்டுமே சொல்கிறேன்.

அந்த இரண்டு வாக்கியங்களும் எந்த மொழியில் பேசப்படுகின்றன என்பதைச் சேர்த்துக்கொண்டால் படம் முழுமையாகும். புனே மாநகராட்சியின் மக்கள்தொகை 2001இல் சுமார் 25 லட்சம், 2011இல் 31 லட்சம். ஹிஞ்சவடியின் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் சாகணின் வண்டித் தொழிற்சாலைகளும் நாடு முழுவதிலிருந்தும் ஆட்களை இழுத்தன. பீகாரிலிருந்து வந்த காவலாளியும் மதுரையிலிருந்து வந்த பொறியாளரும் பேசிக்கொள்வது இந்தியில். காவலாளிக்கு அது தன் வீட்டு மொழிக்குப் பக்கத்து மொழி. பொறியாளருக்கோ கட்டளைகளாக மட்டும் தெரிந்த மொழி. ‘கோலோ’, ‘தேதோ’, ‘கிதர் ஜானே கா’. ‘தீஜியே’, ‘கீஜியே’ என்ற மரியாதை வடிவங்கள் எல்லாம் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டவை. மதுரைக்காரர் தன் ஊரில் முன்பின் தெரியாத காவலாளியை ‘அண்ணே, கொஞ்சம் கேட்டைத் திறங்க’ என்று கேட்டிருப்பார். இங்கே அதே மனிதர் ‘கேட் கோலோ’ என்கிறார். அவர் மனம் மாறவில்லை. அவருடைய ‘அண்ணே’யும் ‘ங்க’வும் எல்லை தாண்டி வரவில்லை. கேட்பவருக்கோ அது அவமதிப்பாகவே படுகிறது. மராத்திக்காரரின் எரிச்சலில் ஒரு பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். 2025 ஏப்ரலில் வங்கிகளில் மராத்தி பேச வேண்டும் என்று கிளைகளுக்குள் புகுந்து நடந்த கிளர்ச்சி வருந்தத்தக்கது. ஊழியரை மிரட்டி வாங்கும் மொழியில் மரியாதை எஞ்சுவதில்லை. ஆனால் அதற்கு அடியில் இருந்த கோரிக்கை நியாயமானது. கிராமத்திலிருந்து வரும் விவசாயி தன்னுடைய மொழியில் ‘பஸா’ என்ற சொல்லைக் கேட்க விரும்புகிறார். மூன்றாண்டுக்கொரு முறை ஊர் மாற்றப்படும் ஊழியர் அதைக் கற்பதற்குள் மாற்றலாகிவிடுகிறார்.

மரியாதை கூடியிருக்கிறதே என்று நிர்வாகங்கள் சொல்லும். தொலைபேசியில் ‘சார்’ என்ற சொல் நிமிடத்துக்கு நான்கு முறை வருகிறது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று பதிவுக் குரல் சொல்கிறது. இந்தச் சொற்களை உச்சரிக்கும் இளைஞர்கள்மீது எனக்குக் குறையில்லை. எழுதிக் கொடுத்ததைத் தாண்டிப் பேசினால் அவர்களுக்கு மதிப்பெண் குறையும். ஆனால் எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு மாறக்கூடிய பேச்சுதான் மரியாதையான பேச்சு. மாற அனுமதியில்லாத பேச்சில் எத்தனை ‘சார்’ இருந்தாலும் அது சுவரோடு பேசுவதுதான். இளைஞர்கள் பக்கத்திலிருந்து வரும் வாதத்தை நான் இன்னும் மதிக்கிறேன்: நாங்கள் மேலதிகாரியையே பெயர் சொல்லி அழைக்கிறோம், நீங்கள் மரியாதை என்று சொல்வது கூழைக்கும்பிடு. மேலதிகாரியைப் பெயர் சொல்லி அழைப்பது நல்ல வழக்கம். சமத்துவத்துக்கு இரண்டு வழி உண்டு. எல்லோருக்கும் ‘நீங்க’, அல்லது எல்லோருக்கும் ‘நீ’. இரண்டாவது வழி கீழ்நோக்கி மட்டுமே பாய்கிறது என்பதுதான் கண்கூடு. போக்குவரத்துக் காவலரிடம் யாரும் ‘நீ’ என்று பேசுவதில்லை. உணவு கொண்டுவரும் பையனிடம் பேசுகிறார்கள். அல்லது பேசுவதே இல்லை, ஓடிபியின் நான்கு எண்களைச் சொல்லிக் கதவைச் சாத்துகிறார்கள். அடுக்குமாடி வளாகங்களில் வாசலில் நிற்பவரை உள்ளே விடலாமா என்று கைபேசி கேட்கிறது. பச்சை, சிவப்பு என்று இரண்டு பொத்தான். பொத்தானுக்கு வால் கிடையாது.

பரிகாரம் என்று பெரிதாக எதையும் நான் கேட்கவில்லை. கவுன்ட்டர்கள் திரும்ப வரப்போவதில்லை. இருக்கும் ஒன்றிரண்டில் உட்காருபவர்களுக்கு, வளாகக் காவலாளிகளுக்கு, புதிதாக வரும் பொறியாளர்களுக்கு இந்த ஊரில் முதலில் கற்றுத்தர வேண்டியது மராத்தி எழுத்தோ இலக்கணமோ இல்லை. யா, பஸா, த்யா, ஸாங்கா, தாம்பா: வாங்க, உட்காருங்க, கொடுங்க, சொல்லுங்க, கொஞ்சம் நில்லுங்க. இவற்றோடு காகா, மாவஷி, தாதா, தாயி. ‘நாம்’ என்பதற்கு ‘ஆபண்’. மொத்தம் பத்தே சொற்கள். தமிழ் பேசி வளர்ந்தவருக்கு இவற்றின் பொருளை விளக்க வேண்டியதே இல்லை, ஒலியைச் சொன்னால் போதும். ஒரு மதிய நேரத்தில் முடிந்துவிடும்.